வாசலோடு நிற்கும் கதைகள்

கல்லாவி, சாமல்பட்டி, ஊத்தங்கரைப் பக்கம் ஓசூர் ஆலைச் சம்பளத்திலும் பெங்களூரு கட்டட வேலைக் காசிலும் எழும்பும் மாடி வீடுகளில் பூச்சு முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். முகப்பில் சாமி டைல்ஸ் ஒட்ட வேண்டும். கடையில் ஆல்பத்தைப் புரட்டினால் தாமரையில் அமர்ந்த லட்சுமி, ராமர் பட்டாபிஷேகம், திருப்பதி வெங்கடாசலபதி, ராஜ அலங்காரத்தில் பழனி முருகன், தேரோட்டியபடி கீதை சொல்லும் கண்ணன் என்று வரிசையாக வரும். எத்தனை பக்கம் தள்ளினாலும் சீதை தீயில் இறங்கும் படம் வராது. துச்சாதனன் பாஞ்சாலியின் கூந்தலைப் பிடித்து இழுப்பதும், சக்கர வியூகத்துக்குள் அபிமன்யு ஒற்றையாளாகச் சாவதும் அங்கே இல்லை. இவையெல்லாம் நமக்குத் தெரியாத கதைகளா? பட்டாபிஷேகத்தைவிட நன்றாகத் தெரிந்தவை. ஆனாலும் வீட்டுச் சுவருக்கு ஆகாதவை.

இதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கோவணாண்டி முருகனை மாட்டினால் குடும்பமும் ஆண்டியாகும் என்பார்கள். நடராஜர் ஆடினால் வீடும் ஆடும், குழலூதும் கண்ணன் செல்வத்தை ஊதிவிடுவான், நரசிம்மரை வைப்பதானால் மடியில் லட்சுமி இருக்க வேண்டும், பாரதத்தை வீட்டில் படித்தால் பங்காளிச் சண்டை வரும். இவற்றை மீறாத வீடும் குறைவு, இவற்றைக் கேள்விப்படாத வீடும் குறைவு. பகுத்தறிவோடு பார்த்தால் சிரிப்பு வரலாம். ஆனால் இந்தத் தடைகளுக்குள் ஓவியக் கலை பற்றிய ஒரு கொள்கையே ஒளிந்திருக்கிறது. சுவரில் இருக்கும் படம் சும்மா இருக்காது, தான் காட்டுவதை வீட்டுக்குள் நடத்திவிடும் என்பதுதான் அது.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இதன் மறுபக்கத்தையும் பார்க்கலாம். பாரதக் கதையில் இந்த வட்டாரத்துக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பு, இரவில் தெருக்கூத்து, கடைசி நாள் படுகளம். ஊருக்கு வெளியே மைதானத்தில் துரியோதனனை மண்ணால் ராட்சத உருவமாகப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் வேடக்காரர் தொடையைப் பிளப்பார், பாஞ்சாலி சபதம் முடித்துக் கூந்தல் முடிவாள். சில ஊர்களில் அந்த மண்ணில் ஒரு பிடியை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களும் உண்டு. கதையின் மண் வீட்டுக்குள் வரலாம், கதையின் படம் வரக் கூடாது. கொடூரத்துக்கு இடம் மைதானம், காலம் திருவிழா. முனியப்பனும் அரிவாளோடு ஊர் எல்லையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டுச் சுவரில் புராண உருவங்கள் எதற்காக இருக்கின்றன என்ற கேள்வி உலகத்திலேயே அதிகமாக அலசப்பட்டிருப்பது இத்தாலியின் பாம்பெய் நகரத்தை வைத்து. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பாம்பெய், ஹெர்குலேனியம் உள்ளிட்ட ஊர்கள் எரிமலைச் சாம்பலிலும் கற்களிலும் புதைந்தன. 1738இல் ஹெர்குலேனியத்திலும் 1748இல் பாம்பெய்யிலும் தோண்டத் தொடங்கினார்கள். சாப்பாட்டு அறை, படுக்கை அறை, தோட்டத்துத் தாழ்வாரம் எனப் பல சுவர்களிலும் கிரேக்கப் புராணம். நம் வழக்கத்திலிருந்து போய்ப் பார்க்கிறவரைத் திகைக்க வைப்பது அவர்கள் தேர்ந்தெடுத்த கதைகள்தான்.

வெத்தியஸ் என்ற குடும்பப் பெயர் கொண்ட இருவருடைய வீடு அதற்கு நல்ல சாட்சி. அவர்கள் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்று வியாபாரத்தில் பணம் சேர்த்தவர்கள் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். 1894-95இல் தோண்டியெடுக்கப்பட்ட அந்த வீடு, நீண்ட காலச் சீரமைப்புக்குப் பின் 2023 ஜனவரியில் மறுபடி பார்வைக்குத் திறக்கப்பட்டது. அதில் மஞ்சள் சுவர்கள் கொண்ட ஓர் அறை. ஒரு சுவரில் குழந்தை ஹெர்குலிஸ் இரண்டு பாம்புகளைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். அடுத்த சுவரில் பெந்தியஸ் என்ற அரசனை வெறி ஏறிய பெண்கள் சூழ்ந்து கிழிக்கப் போகிறார்கள், அவர்களில் ஒருத்தி அவனைப் பெற்றவள். மூன்றாவது சுவரில் டிர்க்கே என்ற அரசியைக் காளையின் கொம்பில் கட்டி இழுக்கவிடுகிறார்கள். எதிர்ப்பக்கத்து அறையில் இக்ஸியோன் என்ற குற்றவாளி சுழலும் சக்கரத்தில் கட்டப்படுகிறான். விருந்தாளிகள் மது அருந்திச் சாய்ந்திருந்த அறைகள் இவை.

இது ஒரு வீட்டாரின் வக்கிரம் என்று தள்ளிவிடவும் முடியாது. ‘சோகக் கவிஞன் வீடு’ என்று இன்று பெயர் சூட்டப்பட்டிருக்கும் இன்னொரு வீட்டில், தோட்டத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் இஃபிஜெனியாவைப் பலியிடத் தூக்கி வருகிறார்கள். பெற்ற மகளைப் பலி கொடுக்கச் சம்மதித்த அகமெம்னன் ஓரமாக முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நிற்கிறான். டயாஸ்கூரி வீட்டிலிருந்து பெயர்த்து இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும், பெற்ற பிள்ளைகளையே கொன்ற மெடியாவின் ஓவியத்தை நின்று பார்க்க வேண்டும். இரண்டு பையன்கள் எலும்புக் காய்களை உருட்டி விளையாடுகிறார்கள். பின்னால் வயதான காப்பாளர் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வலது ஓரத்தில் தாய். அவள் உடல் ஒரு பக்கம் திரும்பியிருக்க, முகம் குழந்தைகள் பக்கம் திரும்புகிறது. கை வாளில் இருக்கிறது. கொலை இன்னும் நடக்கவில்லை. கதை தெரிந்தவர் மனத்தில் மட்டும் நடந்து முடிந்துவிட்டது.

நம் கீதோபதேசப் படமும் கொலைக்கு முந்தைய கணம்தானே என்று ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. பதினெட்டு நாள் சாவு இனிமேல்தான் தொடங்க வேண்டும், இரண்டு பக்கமும் படை நிற்கிறது. ஆனால் ஓவியர் நம் கண்ணைக் கண்ணனின் உயர்த்திய கையில் நிறுத்திவிடுகிறார். படையெல்லாம் தூரத்துப் புழுதி. மெடியாவைப் பார்ப்பவருக்கு அடுத்த கணம் என்னாகும் என்ற பதைப்பு. கீதோபதேசத்தைப் பார்ப்பவருக்கு அடுத்த கணத்தை அவன் பார்த்துக்கொள்வான் என்ற தைரியம். நிறுத்தும் இடம் ஒன்றேதான், நிறுத்துவதன் நோக்கம் நேரெதிர்.

ரோமானியர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று இருநூறு ஆண்டுகளாக விளக்கம் சொல்லி வருகிறார்கள். முதல் தலைமுறைக்கு ஓவியத்தில் இருந்த ஆர்வமே வேறு. காணாமல் போன கிரேக்க மேதைகளின் படைப்புகளுக்கு இவை நகல்கள், நகலைக் கொண்டு மூலத்தை ஊகிக்கலாம் என்று அவர்கள் தேடினார்கள். வோல்ஃப்காங் ஹெல்பிக் 1868இல் சுவரோவியங்களுக்கு ஒரு பெரும் பட்டியல் போட்டார். 1882இல் ஔகுஸ்ட் மௌ சுவர் அலங்காரத்தை நான்கு பாணிகளாகப் பிரித்தார். இன்றும் அந்தப் பிரிவே புழக்கத்தில் இருக்கிறது. எந்தப் பாணியில் எந்தக் காலத்தில் என்பதை அது சொல்லும், எதற்காக என்பதைச் சொல்லாது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கார்ல் ஷெஃபோல்ட், இவற்றுக்குள் சமயமும் ஒழுக்கமும் சார்ந்த ஒரு திட்டம் இருக்கிறது என்றார். குற்றம் செய்தால் இக்ஸியோனின் சக்கரம், தெய்வத்தை மதிக்காவிட்டால் பெந்தியஸின் கதி என்ற மாதிரி. எனக்கு இது கொஞ்சம் நீதிபோதனை வகுப்பு மாதிரி படுகிறது. விருந்து வைத்துவிட்டு யாரும் விருந்தாளியை அப்படி மிரட்டமாட்டார்கள்.

அதற்குப் பின் வந்தவர்கள் இரண்டு வழியாகப் பிரிந்தார்கள். ஆண்ட்ரூ வாலஸ்-ஹாட்ரில் போன்றவர்கள் சுவரைச் சமூக அந்தஸ்தின் அடையாளமாகப் படித்தார்கள். எந்த அறைவரை யார் வரலாம், எந்த அறைக்கு எவ்வளவு செலவு, புதுப் பணக்காரர் பழைய பணக்காரரை எப்படிப் பின்பற்றினார் என்பது அவர்கள் கேள்வி. பெட்டினா பெர்க்மன் 1994இல் சோகக் கவிஞன் வீட்டை எடுத்துக்கொண்டு, படங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் நடந்துபோகிறவர் கண்ணில் எந்த வரிசையில் விழுகின்றன என்று பார்த்தார். ஹெலன் கப்பலேறுவதும், பிரிசெயிஸ் என்ற பெண் அகிலிஸிடமிருந்து பிரித்து எடுத்துச் செல்லப்படுவதும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால், இரண்டு பெண்கள் இரண்டு விதமாக ஓர் ஆணை விட்டுப் போவதைப் பற்றி வீட்டில் பேச்சு கிளம்பும். சுவர் பேச்சுக்குத் தலைப்பு எடுத்துக் கொடுக்கிறது. 2024 ஏப்ரலில் பாம்பெய்யின் ஒன்பதாம் பகுதியில் வெளிப்பட்ட கறுப்பு விருந்தறை இந்தக் கருத்துக்கு வலு சேர்த்தது. ஏறத்தாழ 15 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். எண்ணெய் விளக்கின் கரி தெரியாமலிருக்கச் சுவருக்குக் கறுப்பு அடித்திருக்கிறார்கள். அதன் மேல் ஹெலனும் பாரிஸும் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். அப்போலோ காசாண்ட்ராவிடம் காதல் பேசுகிறான். விளக்குச் சுடர் ஆட ஆட உருவங்களும் அசைவது போலத் தோன்றியிருக்கும் என்கிறார்கள் தோண்டியவர்கள்.

இந்த விளக்கங்களில் எல்லோருக்கும் தெரிந்தும் போதிய அழுத்தம் பெறாத ஒன்று இருக்கிறது. அந்த வீடுகளில் கும்பிடும் சாமி வேறு இடத்தில் இருந்தது. லராரியம் என்ற சிறு மாடம், பல வீடுகளில் அடுக்களையிலோ அதன் பக்கத்திலோ. வெத்தியஸ் வீட்டில் அது வேலையாட்கள் புழங்கும் சிறிய முற்றத்தில் இருக்கிறது. நடுவில் குடும்பத் தலைவரின் காவல் ஆவி தலையை மூடி நிற்க, இரண்டு பக்கமும் லாரீஸ் என்னும் வீட்டுத் தெய்வங்கள் நடனமாடுவது போல மதுக் கொம்பை ஏந்தியிருக்கின்றன. கீழே கொண்டை வைத்த பெரிய பாம்பு ஒன்று நெளிந்து வருகிறது. வேறு பல வீடுகளில் இப்படி வரும் பாம்புக்கு முன்னால் பலிபீடத்தில் முட்டை வைத்திருக்கும். புற்றுக்குப் பாலும் முட்டையும் வைக்கிற நமக்கு அந்த மாடத்தைப் புரிந்துகொள்ள வழிகாட்டி தேவையில்லை. கதை இல்லாத படம் அது. பார்ப்பவரை நேராகப் பார்க்கிற உருவங்கள், படையல், பாம்பு. தினமும் தூபம் போட்ட இடம்.

வாசலிலும் நமக்குப் பழக்கமான ஆள் ஒருவர் நிற்கிறார். வெத்தியஸ் வீட்டு நுழைவில் பிரியாபஸ் என்ற தேவன் தன் பெருத்த ஆண்குறியைத் தராசில் ஒரு தட்டிலும் காசுப் பையை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுக்கிறான். வளமும் வேண்டும், கண்ணேறும் கழிய வேண்டும். புது வீட்டுச் சாரத்தில் நாம் கட்டும் திருஷ்டி பொம்மைக்கும் மீசை முறுக்கிய பூதம் வரைந்த பூசணிக்காய்க்கும் இதே உத்தியோகம்தான். நம் வீடுகளில் பயங்கரமான முகத்துக்கு அனுமதி உள்ள ஒரே இடம் வாசலின் வெளிப்பக்கம்.

ஆக, ரோமானிய வீட்டில் காவலுக்கு ஓர் உருவம், கும்பிட ஓர் உருவம் என்று இரண்டும் ஒதுக்கப்பட்டுவிட்டன. மிச்சச் சுவரெல்லாம் பார்ப்பதற்கும் பேசுவதற்கும். அங்கே வரையப்பட்ட மதுக் கடவுள் டயோனிசஸுக்கு யாரும் தீபம் காட்டவில்லை. அதனால் அவன் கதையில் எந்தக் கணத்தையும் வரைய முடிந்தது. ரோமானியர்களுக்குத் தெய்வ நம்பிக்கை வற்றிவிட்டது, ஆகவே புராணத்தை அலங்காரமாக்கினார்கள் என்று சொல்வோரும் உண்டு. ஒரே வீட்டில் லராரியமும் பெந்தியஸும் இருப்பதைப் பார்த்த பிறகு அந்த வாதம் நிற்காது. நம்பிக்கைக்கு ஒரு சுவர், கதைக்கு ஒரு சுவர். நம்மிடம் இரண்டும் ஒரே சுவருக்கு வந்துவிட்டன. கண்ணைத் திறந்து நம்மைப் பார்க்கும் எந்தப் படத்துக்கும் பூ வைக்கத் தோன்றுகிறது. பூ வைத்தபின் அந்தப் படத்தில் ரத்தம் இருக்க முடியாது.

தமிழில் எப்போதுமே இப்படித்தானா? பழைய நூல்களைப் பார்த்தால் இல்லை என்றே படுகிறது. மணிமேகலையில் புகார் நகரத்துத் தெருவில் போகிறவர்கள், செங்கல் எடுத்துக் கட்டிய உயர்ந்த வீடுதோறும் வெண்சுதைச் சுவரில் கைதேர்ந்தவர்கள் எழுதிய ஓவியங்களை நின்று பார்க்கிறார்கள். வானவர் தொடங்கி எல்லா உயிர்களும் அங்கே இருக்கின்றன. பார்க்கிறார்கள், அவ்வளவுதான். வணங்கியதாகச் சாத்தனார் சொல்லவில்லை. பரிபாடலில் நப்பண்ணனார் பாடிய 19ஆம் பாடலில், திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்துக்கு வந்தவர்கள் இவன் காமன், இவள் ரதி என்று ஒருவருக்கொருவர் கேட்டும் சொல்லியும் தெரிந்துகொள்கிறார்கள். பூனையாக மாறி நழுவும் இந்திரன், அகலிகை, கௌதமனின் சினம், அவள் கல்லானது என்று ஒரு முழு விபசாரக் கதையே அங்கே சுவரில் இருக்கிறது. முருகன் மலையில், குடும்பத்தோடு வந்த கூட்டத்துக்கு நடுவில்! பெர்க்மன் பாம்பெய்யில் ஊகித்த பேச்சை நப்பண்ணனார் கேட்டே எழுதிவிட்டார்.

வீட்டுக்குள் நடப்பதைக் காட்டுவதில் நெடுநல்வாடைக்கு ஈடில்லை. பாண்டியன் போர்ப் பாசறையில் இருக்கிறான். அரசி அரண்மனைப் படுக்கையறையில். செம்பு போல் பளபளக்கும் நெடுஞ்சுவரில் பூங்கொடி ஒன்று படர்வதாக எழுதியிருக்கிறது. சுவரில் அவ்வளவுதான். கதை கட்டிலின் மேல் விதானத்தில் இருக்கிறது. மெழுகு பூசிய துணியில் மேடம் முதலான ராசிகள், அவற்றினூடே செல்லும் சூரியன், சந்திரனை ஒருபோதும் பிரியாத உரோகிணி. படுத்திருப்பவள் கண்ணுக்கு நேரே அந்த உரோகிணிதான் தெரிகிறாள். அவளை நினைத்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள் அரசி. பாம்பெய் படுக்கையறைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி, கடற்கரையில் தூங்கியெழுந்து தன்னை விட்டுப் போகும் தீசியஸின் கப்பலைப் பார்க்கும் அரியாட்னே. அந்தச் சுவர்களுக்கு நடுவில் யார் படுத்தார், என்ன நினைத்தார் என்பதற்கு இத்தாலியில் எந்தச் சாட்சியமும் மிஞ்சவில்லை. மதுரையில் நக்கீரர் எழுதி வைத்தார். படம் நிலைக்கவில்லை, பார்த்தவளின் மூச்சு நிலைத்துவிட்டது. புராணப் படம் வீட்டில் என்ன செய்யும் என்று கேட்கும் ஆய்வாளர்கள் இந்தப் பகுதியை இன்னும் தங்கள் விவாதத்துக்குள் கொண்டுவரவில்லை என்பது என் ஆதங்கம்.

பழந்தமிழ் நூல்கள் சொல்லும் இந்த வீடுகளெல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டன. நம் ஓவிய ஆராய்ச்சி கோயிலைச் சுற்றியே நடந்ததற்கு அது ஒரு காரணம். 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் சோழர் ஓவியங்களைக் கண்டறிந்தது, சித்தன்னவாசல், பனைமலை, காஞ்சி என்று கவனம் கருவறைப் பக்கமே இருந்தது. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சுவரோவியம் என்றால் பர்கூர் அருகே மல்லப்பாடிக் குன்றின் வெள்ளைக் கோட்டுருவங்களைச் சொல்வார்கள். எல்லையைத் தாண்டினால் லேபாட்சி வீரபத்திரர் கோயில் விதானம். முன்னது பாறை, பின்னது கோயில். வீட்டை ஒட்டிய கேள்விக்கு மிச்சமிருக்கும் சாட்சிகள் அரண்மனைகள்தான்.

அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது ராமநாதபுரம் ராமலிங்க விலாசம். கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த கட்டடம். பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பகுதியில், முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் சுவரும் தூணும் விதானமுமாக ஓவியத்தால் நிரம்பியது. ராமாயணம், பாகவதம், பக்கத்திலேயே தஞ்சை மராத்தியரோடு சேதுபதி செய்த போர், அவர் ஐரோப்பியரைச் சந்திப்பது, மதுரை நாயக்கரிடம் மரியாதை பெறுவது என்று எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. ஓவியங்களின் ஓரத்தில் தமிழ் எழுத்தில் குறிப்புகள். மாடியில் அரசரின் அந்தரங்க அறைகள், அங்கே சிருங்காரக் காட்சிகள். பெண்கள் பலர் பின்னிப் பிணைந்து ஒரு யானை உருவமாகும் வேடிக்கை ஓவியமும் உண்டு. ராஜராஜேஸ்வரி அம்மன் கையிலிருந்து சேதுபதி செங்கோல் வாங்கும் காட்சி முக்கியமானது. அரசர் தானே புராணத்துக்குள் ஏறிக்கொள்கிறார்.

ரோமில் இதே ஆசையை ஒருவர் கிண்டல் செய்து வைத்திருக்கிறார். பெட்ரோனியஸ் எழுதிய கதையில் ட்ரிமால்கியோ என்ற புதுப் பணக்காரர் வருவார், முன்னாள் அடிமை. அவர் வீட்டு வாசல் தாழ்வாரத்தில், அவரை மினர்வா தேவி கைபிடித்து ரோமுக்குள் அழைத்து வருவதும், மெர்க்குரி தேவன் மோவாயைப் பிடித்துத் தூக்கி உயர்ந்த ஆசனத்தில் அமர்த்துவதும் வரைந்திருக்கும். உள்ளே என்ன படங்கள் என்று கேட்டால், இலியட், ஒடிசி, அதோடு ஒரு வாள்வீரர் போட்டி என்பான் வேலையாள். சேதுபதிக்குச் சேதுக் காவல் என்ற பரம்பரை உரிமை இருந்தது, செங்கோல் காட்சி நகைப்புக்கு இடமாகவில்லை. ட்ரிமால்கியோவிடம் காசு மட்டும் இருந்தது. சுவரில் தெய்வத்தோடு நிற்க யாருக்குத் தகுதி என்பதில்தான் வேறுபாடு. கல்யாண மண்டப வாசல் ஃப்ளெக்ஸ் பேனர்களைப் பார்த்தால் அந்தத் தகுதி இன்று எல்லோருக்கும் வந்துவிட்டது தெரியும்.

ராமலிங்க விலாசச் சுவரில் வரும் ராஜராஜேஸ்வரியைக் கும்பிட அரண்மனை வளாகத்திலேயே தனிக் கோயில் உண்டு. இதைக் கவனத்தில் வைத்துக்கொண்டு கொச்சி மட்டாஞ்சேரிக்குப் போகலாம். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கீசியர் கொச்சி அரசருக்குக் கட்டித் தந்த அரண்மனை. பிறகு டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர். அரசரின் பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். அதுவும் பட்டாபிஷேகம் மட்டும் வைத்த ராமாயணம் இல்லை, காடும் போரும் உள்ள முழுக் கதை. கீழ்த்தளத்துப் பெண்கள் அறையில் கண்ணன் தன் எல்லாக் கைகளும் கால்களும் போதாதபடி கோபியரோடு விளையாடுகிறான். மோகினியைத் தழுவும் சிவனை, பார்வதி முகம் சுளித்துப் பார்க்கிறாள். இந்த அரண்மனையின் முற்றத்திலும் பழையன்னூர் பகவதிக்குத் தனிக் கோயில். கும்பிட வேறு இடம் இருந்ததால்தான் சுவருக்கு இந்தச் சுதந்திரம் கிடைத்தது என்பேன்.

எதிர்ச்சாட்சி கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகை. மார்த்தாண்ட வர்மா 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துத் தன்னை அவரது தாசர் என்று அறிவித்தவர். மாளிகையின் உச்சித் தளம் பத்மநாபருக்கு உரியது. அங்கே அணையாவிளக்கு, சுற்றிலும் ஓவியம். அனந்தசயனமும் பிற தெய்வ வடிவங்களும் தியான சுலோகம் வகுத்த இலக்கணப்படி, பார்ப்பவருக்கு முகம் காட்டி நிற்கின்றன. வழிபாடும் ஓவியமும் ஒரே அறைக்கு வந்தவுடன் கதை பின்வாங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் காயங்குளம் கிருஷ்ணபுரம் அரண்மனையின் கஜேந்திர மோட்சம். 14 அடிக்கு 11 அடி. குளத்தில் குளித்துவிட்டு உள்ளே வரும் அரசர் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்கள். நீரிலிருந்து வருகிறவருக்கு நீரில் முதலையிடம் சிக்கிய யானையின் கதை. கதையும் கும்பிடுதலும் இணைந்த அபூர்வமான இடம் அது.

வரைந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி கி.பி. 301இல் வெளியிட்ட விலைக் கட்டுப்பாட்டு ஆணையில், சுவருக்கு வண்ணம் தீட்டுபவருக்கு நாளுக்குச் சாப்பாட்டோடு 75 தினாரியஸ், உருவம் எழுதுபவருக்கு 150 என்று உச்சவரம்பு இருக்கிறது. பூச்சு காய்வதற்குள் எழுதி முடிக்க வேண்டும், சுண்ணாம்பு ஈரத்தோடு நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் வேலை கூட்டாகத்தான் நடந்தது. கேரளத்தில் காய்ந்த சுவரில், சுண்ணாம்போடு இளநீர் கலந்து பலமுறை பூசிய வெண்தளத்தின் மேல் எழுதினார்கள். இரண்டு இடத்திலும் பெயர் தெரிந்த ஓவியர் அபூர்வம்.

பெயர் தெரிந்த ஓவியர் வந்தபோது சுவர் போய்ச் சட்டம் வந்துவிட்டது. ரவி வர்மா பரோடா அரசருக்காக வரைந்த 14 புராண ஓவியங்களில் துயரமும் பிரிவும் தாராளமாக உண்டு. அரண்மனைச் சுவருக்கு அது பொருந்தியது. 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தில் முதலில் அச்சானதும் ஒரு கதைதான், சகுந்தலையின் பிறப்பு. பெற்ற குழந்தையை மேனகை காட்ட, விசுவாமித்திரர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காட்சி. ஆனால் வீடுவீடாகப் போய் ஒட்டிக்கொண்டது லட்சுமியும் சரஸ்வதியும். 1901இல் அச்சகம் கைமாறியது, படங்கள் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் அந்த வேலையைத் தொடர்ந்தவர் கோவில்பட்டியின் சி. கொண்டையராஜு. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர், 1976இல் மறைந்தார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர்கள்தான் நம் வீட்டுத் தெய்வங்களுக்கு முகம் கொடுத்தவை. மேடைத் திரையின் தூண், படிக்கட்டு, மேகம் எல்லாம் பின்னணியில் அப்படியே இருக்கும். நாடகத்தின் மேடை வந்தது, நாடகம் மட்டும் வரவில்லை. செட்டிநாட்டு வீடுகளின் நிலைக்கு மேல் மரத்தில் செதுக்கிய கஜலட்சுமிக்கும், இன்றைய முகப்பு டைல்ஸ் லட்சுமிக்கும் இடையில் உள்ள சங்கிலி இதுதான்.

இந்த இடத்தில் காலண்டர் ஓவியத்தை ரசனைக் குறைவு என்று ஒதுக்குவது எளிது, தவறும்கூட. ஒரே அறையில் படுத்து, சமைத்து, படித்து, கும்பிட வேண்டிய குடும்பத்துக்கு லராரியத்துக்கு ஒரு சுவர், மெடியாவுக்கு ஒரு சுவர் என்று ஒதுக்க எங்கே இடம்? பாம்பெய்யிலும் வேலையாட்கள் தூங்கிய சிறு அறைகளின் சுவர் பெரும்பாலும் வெறும் பூச்சுதான். சோகத்தைச் சுவரில் வைத்து ரசிப்பதற்கு முதலில் கூடுதலாகச் சுவர் வேண்டும். புது மாடி வீட்டில் பூஜை அறை தனியாக வந்துவிட்டது. ஹாலுக்குச் சாமி பொறுப்பு நீங்கிவிட்டது. என் கணக்குப்படி இப்போது கதை திரும்பி வர வேண்டும்.

வந்துதான் இருக்கிறது. 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ராமாயணமும், அடுத்த ஆண்டில் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதமும் வந்தன. பின்னாளில் தமிழில் பேசும் மகாபாரதங்களும் தனியார் சேனல்களில் ஓடின. பாரதம் படித்தால் சண்டை வரும் என்ற வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் துகிலுரிதல் நடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மருமகளும் மாமியாரும் பாஞ்சாலி செய்தது சரியா, தருமன் செய்தது தகுமா என்று வாதாடினார்கள். வெத்தியஸ் வீட்டு விருந்தாளிகளுக்கு இந்தக் காட்சி புதிதாக இருந்திருக்காது. ஆனால் முதல் தொடர் ஓடிய ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நாட்டின் பல இடங்களில் டிவிப் பெட்டிக்கு மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்திவிட்டுத்தான் பார்க்க உட்கார்ந்தார்கள்.